தடசு நார்

மே 3, 1971. திங்கள்

பொள்ளாச்சியிலிருந்து தோழர் சிதம்பரநாதன் வந்து இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ உரக் கடைக்காரன் இனாமாகக் கொடுத்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெள்ளையாகவே கிடக்கிறது. "வேலப்பா, நடக்கிறதை அன்னன்னிக்கு எழுதி வை. நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னு வந்தா இதுதான் நமக்குப் பேசும்" என்றார். இந்த யானை முகாமில் எழுதப் படிக்கத் தெரிந்த பாகன் நான் ஒருவன்தான். சங்கத்துக்கு முகாம் செயலாளரும் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

இன்று முதல் வேலைநிறுத்தம். கோரிக்கை ஒன்றே ஒன்று. மழை இறங்கியதும் மரக் கம்பெனி எங்களை மலையை விட்டு இறக்கிவிடும். மழை விட்டதும் பிடித்தவனைக் கூப்பிடும், பிடிக்காதவனை விட்டுவிடும். யானை வருஷம் முழுக்கக் கம்பெனி ஆள். அதன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் ஆறு மாசத்து ஆள். இந்த அநியாயம் தீர வேண்டும். எங்களை நிரந்தரமாக்க வேண்டும்.

மேல் கூப்பில், அதாவது மரம் வெட்டும் மேல்காட்டில், வெட்டிய தேக்கு இன்னும் அங்கேயே அடுக்கிக் கிடக்கிறது. யானை இழுத்தால்தான் அது ரோட்டுக்கு வரும். மழை பிடித்துவிட்டால் பாதை சேறாகி, யானைகூட இறங்க முடியாது. அதனால் மழை வரும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும், மேனேஜர் தானாக இறங்கி வருவார்.

யானைக்குத் தீனி உண்டு, குளியல் உண்டு, வடம் கிடையாது. கோர்ட்டில் இதைப் படிக்கிறவருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்: வடம் என்பது மரத்தில் கட்டும் கயிறு. அதன் நுனியை யானை கடைவாய்ப் பல்லால் கடித்து இழுக்கும். தடசு மரத்துப் பட்டை நாரில் திரிப்பது. எல்லா வடத்தையும் வாங்கிச் சங்கக் குடிசையில் தொங்கவிட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. யாரையும் நம்பிக் கொடுப்பதாக இல்லை.

மே 4

கஞ்சித்தொட்டி ஆரம்பித்தாயிற்று. என் தங்கை மயிலாத்தாள் பொறுப்பு. அரிசி கடன் கொடுக்கும் கடைக்காரர் இன்று தேவைக்கு மேல் சிரித்தார். கம்பெனி பங்களாவுக்கும் மளிகை இவர்தான் போடுகிறார். கவனிக்க வேண்டும்.

எனக்குச் சங்க வேலையே சரியாக இருக்கிறது. என் யானை நாயகியை என் தம்பி நஞ்சப்பன் பார்த்துக்கொள்கிறான். அவன்தான் அவளுக்குக் காவடி, அதாவது இரண்டாம் ஆள். சாயங்காலம் காலில் இழுவைச் சங்கிலி போட்டுக் காட்டில் மேய விடுவதும், விடியலில் தடம் பார்த்துப் போய்க் கூட்டிவருவதும் அவனே. நாயகி அவனிடம் குழந்தை மாதிரி இருப்பாள். பாவம், எட்டு வருஷமாகக் காவடியாகவே இருக்கிறான். சொந்தமாக ஒரு யானை வேண்டும் என்று ஏங்குகிறான். வருத்தமாகத்தான் இருக்கிறது. பொறு, காலம் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 6

கம்பெனி யானைகளுக்கு ராகியை நிறுத்திவிட்டது. யானையைப் பட்டினி போட்டால் பாகன் மனசு கேட்காமல் வந்துவிடுவான் என்று மேனேஜருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். அது பாகன் ஒருவனுக்குத்தான் தெரிகிற விஷயம். அப்படியானால் எங்களுக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

ராத்திரிக் கூட்டத்தில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள், ஒருவரைத் தவிர. ஆறுச்சாமி, மயிலாத்தாளின் புருஷன், பரமன் என்ற கொம்பன் யானையின் பாகன். எழுந்து நின்று சொல்கிறார்: "நம்ம சண்டையில யானை வவுறு காயக்கூடாதுங்க மச்சான். நான் நாளைலிருந்து மேக்குச் செருவுக்கு ஓட்டிட்டுப் போறேன். அங்க தீனி கெடக்குது."

மேற்குச் சரிவு இங்கிருந்து எவ்வளவு தூரம்! பக்கத்தில் இருக்கிற மூங்கில் போதாதா? போகட்டும் என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளையாயிற்றே.

மே 8

ஒன்றும் இல்லை. வெயில் கொளுத்துகிறது. கடைக்காரர் இன்று சிரிக்கவில்லை. அதுவும் நல்லதாகப் படவில்லை.

மே 9. ஞாயிறு

நான் பயந்தது நடந்துவிட்டது. மேல் கூப்பில் மேற்கு ஓரத்து அடுக்கு குறைந்திருக்கிறது. மரங்களை இழுத்த தடம் மேற்குச் சரிவு வழியாகப் பழைய வண்டிப்பாதைக்கு இறங்குகிறது. அங்கே லாரி டயர் அச்சு. ராத்திரி நிலா வெளிச்சத்தில் யாரோ ஒரு யானையை வைத்து இழுக்கிறார்கள்.

யானையின் காலடியை வைத்து எந்த யானை என்று எங்களில் யாரும் சொல்லிவிடுவோம். ஆனால் இழுக்கிற மரம் பின்னாலேயே வந்து காலடியை அழித்துவிடுகிறது. திரும்பிப் போவதற்கு ஓடைக்குள் இறங்கியிருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்த கை. குடிசையில் வடங்கள் எல்லாம் தொங்குகின்றன. அப்படியானால் கம்பெனி புது வடம் கொடுத்திருக்கிறது.

மேற்குச் சரிவு. நான் பெயர் எதுவும் எழுதவில்லை.

மே 10. சித்ரா பௌர்ணமி

வழக்கமாக வைக்கும் பொங்கலை இந்த வருஷம் வைக்கவில்லை. பெண்கள் முணுமுணுத்தார்கள்.

நாயகி பகலெல்லாம் மரத்தில் சாய்ந்து தூங்குகிறாள். குளிப்பாட்டும்போதும் கண் சொருகுகிறது. நஞ்சப்பனும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறான். "ராகி இல்லாததுங்கண்ணா, அதான் சோந்து கெடக்குறா" என்றான். அவனும் அரைவயிற்றுக் கஞ்சிதானே குடிக்கிறான். இந்தக் கம்பெனி எங்களை மட்டுமா வாட்டுகிறது.

மே 11

இன்னும் மரங்கள் குறைந்திருக்கின்றன. மழைக்குள் அடுக்கு காலியாகிவிட்டால் நாங்கள் மலை இறங்கிப் பிச்சை எடுக்க வேண்டியதுதான். எவனோ ஒருவன் நம் கஞ்சியைக் குடித்துக்கொண்டே நம் கழுத்தை அறுக்கிறான்.

ஞாயிறு ராத்திரியே காவல் போட்டேன். நாலு பேரை அனுப்பினேன். விடியும்வரை ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி எந்த ராத்திரிக்கும் போகமாட்டோம் என்கிறார்கள். காட்டெருமைக்குப் பயமாம். காவல் போடுவது எனக்கும் அந்த நாலு பேருக்கும் நஞ்சப்பனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்புறம் எப்படி அன்றைக்கு மட்டும் லாரி வரவில்லை? அந்த நாலு பேரையும் இனிக் கவனிக்க வேண்டும்.

மே 12

ஆறுச்சாமி இன்றும் எல்லோருக்கும் பிந்தி வந்தார். வெயில் ஏறியபின். வழிமறித்துக் கேட்டேன்.

"மாப்ள, தெனமும் இவ்வளவு நேரம் அங்க என்ன பண்றீங்க?"

"மேய்க்கிறேனுங்க."

"மேய்க்கிறதுக்கு இவ்வளவு நேரமா?"

அவர் பரமனின் காதைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மச்சான், நீங்க ஒரு நாளைக்கு விடியால நேரமே போயி நாயகிய நீங்களே கூட்டிட்டு வாங்க. அப்பறம் பேசலாமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. செயலாளர் ஆனதும் யானையை மறந்துவிட்டேன் என்று குத்திக் காட்டுகிறார். நான் சங்கம் சங்கம் என்று அலைவது இவருக்கு இளக்காரம். நாயகி என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு யானை. அவளைப் பற்றி இவரா எனக்குச் சொல்வது?

மே 13

பிடித்துவிட்டேன்.

காலையில் ஓடையில் பரமனைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன். ராகிக் கவளம் இல்லாததால் ஆறுச்சாமி ஏதோ கிழங்கை அவன் வாயில் வைத்தார். பரமன் வாயைத் திறந்தான். கடைவாய்ப் பல்லிடுக்கில் நார். தடசு நார்! என் கையை விட்டுப் பிடித்து இழுத்தேன், நீளமாக வந்தது.

அங்கேயே தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்கப்பா, வடத்தைத் தொடாத யானை வாயில தடசு நார் எப்பிடி வரும்? சொல்லுங்க." கூட்டம் கூடிவிட்டது. பாகன்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறுச்சாமி, "மேக்குச் செருவு பூரா தடச மரந்தானுங்க. பட்டைய உரிச்சுத் திங்கறான். வடமா இருந்தா முறுக்கு இருக்கும், பட்டைன்னா தட்டையா இருக்கும். அந்த நாரக் குடுங்க மச்சான், பாப்போம்" என்றார்.

நான் அதற்குள் ஆத்திரத்தில் அதைக் கரையில் எரிந்துகொண்டிருந்த கஞ்சி அடுப்பில் வீசிவிட்டேன். நாரில் முறுக்கு இருந்தது. இருந்ததாகத்தான் ஞாபகம். கண்ணால் பார்த்த எனக்குத் தெரியாதா.

மே 14

யாரும் மயிலாத்தாள் கையால் கஞ்சி வாங்கவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். வேறொருத்தி வந்து ஊற்றினாள், அப்புறம் குடித்தார்கள். நானும் குடித்தேன். என் தங்கை என்பதற்காக நான் வளைந்து கொடுத்தால் நாளைக்குச் சங்கத்தை யார் மதிப்பார்கள்?

மே 16. ஞாயிறு

தோழர் வந்தார். விசாரணை. தோழர் கொஞ்சம் இழுத்தார். "நேர்ல பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா வேலப்பா?" என்று கேட்டார். பட்டணத்து மனுஷருக்கு நார் என்றால் என்ன தெரியும்? நான் எடுத்துச் சொன்னேன். தினமும் பிந்தி வந்தது, மேற்குச் சரிவு, ராகி நின்ற அன்றைக்கே கூட்டத்தில் எதிர்த்துப் பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். நஞ்சப்பன்கூட எழுந்து, "மாமா மேல எனக்கும் மனசுக்குச் சரியாப் படலீங்" என்றான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். சொந்தக்காரனைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கஷ்டம்.

ஆறுச்சாமியிடம், "நீங்க அங்க வேற யாரையாச்சும் பாத்தீங்களா?" என்று தோழர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், நஞ்சப்பனைப் பார்த்தார், வாசலில் நின்ற மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் எங்கள் இருவருக்கும் கூடப் பிறந்தவள் அல்லவா. "நான் யார் பேரையும் சொல்லி மேல வரப்போறதில்லீங்க" என்றார்.

குற்றம் இல்லாதவன் பேச்சா இது? கை தூக்கச் சொன்னோம். எல்லோரும் தூக்கினார்கள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் வாக்கை மீறிய பாகன், தன் யானை முன்னால் தோட்டியை, அதாவது அங்குசத்தை, தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். ஆறுச்சாமி வைத்தார், போனார். பரமன் தும்பிக்கையால் தோட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தான். எடுத்துக் கொடுப்பது அவனுக்குப் பழக்கம். நாலு பேர் சேர்ந்து சங்கிலியைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

பரமனைத் தற்காலிகமாக நஞ்சப்பன் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு.

மே 20

ஆறுச்சாமி விலகியபின் மேல் கூப்பில் ஒரு கட்டைகூட நகரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

அமாவாசை நெருங்குகிறது. குடிசைக்குப் போகக்கூடக் கையில் விளக்கு வேண்டியிருக்கிறது.

மே 22

மயிலாத்தாள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, நாயகி வாயப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"ஒருக்காத் தொறந்து பாருங்க. அவ தெனமும் தலைய ஆட்டிட்டு நிக்கறா. கிழங்கு குடுத்தாக்கூட ஒரு பக்கமா வெச்சு மெல்லறா. உங்களுக்குத் தெரியலையா?"

"புருஷனுக்காகப் பேச வந்திருக்கியா?"

"ஆமா, புருஷனுக்காகத்தான் பேசறேன். அவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. எனக்கு உங்க ரெண்டு பேரையும் விட்டா யாருமில்லைன்னு பாக்கறாரு. நஞ்சப்பன் ராத்திரியில நாயகிய வெச்சு மரம் இழுத்தான். ஓடைய விட்டு ஏறுன எடத்துல இவரு தடத்தப் பாத்தாரு. பரமன அவனுக்குக் குடுக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. போதுமா?"

நான் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. என் தம்பி மேல் பழி போட்டால் தன் புருஷன் தப்பிக்கலாம் என்று பார்க்கிறாள். கூடப் பிறந்தவன் மேல் இப்படிச் சொல்ல ஒருத்திக்கு எப்படி மனசு வரும். கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

மே 23

நாயகி வாயைப் பார்க்கலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

மே 26

நஞ்சப்பன் வேப்பெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தான். எதற்கு என்றேன். "நாயகிக்கு வாயோரத்துல மூங்கில் முள்ளுக் குத்திருச்சுங்கண்ணா." அப்படித்தான் இருக்கும். பசிக்கு முள் மூங்கிலைத் தின்றிருப்பாள். மயிலாத்தாள் சொன்ன தலையாட்டலுக்கும் இதுதான் காரணம், முடிந்துபோயிற்று.

நாயகியின் லத்தியில் நார்த்துண்டு ஒன்று கிடந்தது. முறுக்கியிருந்தது. வேலைநிறுத்தத்துக்கு முன்னால் இழுத்தபோது பல்லில் சிக்கியதாக இருக்க வேண்டும். இத்தனை நாள் தங்குமா என்று கேட்டால், தங்கும். யானை வாய் பெரிய வாய்.

காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

மே 30. ஞாயிறு

மழை! மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து இறங்கியது. பாதை சாயங்காலத்துக்குள் சேறாகிவிட்டது. அடுக்கில் பாதிக்கு மேல் இன்னும் கூப்பிலேயே நிற்கிறது. ஆட்கள் நனைந்துகொண்டே ஆடினார்கள்.

பரமன் நஞ்சப்பனைக் கிட்டே விடவில்லை. தீனியைத் தொடவில்லை. இரண்டு முறை தும்பிக்கையை வீசினான். பழைய பாகன், புதுப் பாகனின் கையைப் பிடித்து யானையின் தும்பிக்கையில் வைத்து, இனி இவன்தான் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கொம்பன் அது இல்லாமல் யாரையும் ஏற்காது. ஆறுச்சாமியை யார் போய்க் கூப்பிடுவது? நான் போகமாட்டேன்.

ஜூன் 2

ஜெயித்துவிட்டோம். மழை விட்டதும் மீதி மரத்தை இறக்க எங்கள் கை வேண்டும் என்பதால் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் இருக்கிற பாகன், காவடி, ஏற்றுக் கூலி எல்லோரும் நிரந்தரம். மழைக்கும் வேலை. எங்கள் அப்பன் பாட்டன் பார்க்காதது. எனக்கு மாலை போட்டார்கள். தோழர் என்னைக் கட்டிப்பிடித்தார். சந்தோஷத்தில் அழுதேன், வெட்கமில்லை.

பெயர்களை வாசித்தார்கள். ஆறுச்சாமி சங்கத்தில் இல்லை, அதனால் அவர் பெயர் வரவில்லை. தோழர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடைசியா கேக்கறேன் வேலப்பா, உன் மனசுக்குச் சந்தேகமே இல்லியே? இப்ப சொன்னாலும் சேத்துடலாம்" என்றார். நஞ்சப்பன் சற்றுத் தள்ளி நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் பட்டியலில் பரமனுக்கு நேராக இருந்தது. பாகன் நஞ்சப்பன். எட்டு வருஷம் ஏங்கியவன்.

"இல்லீங்க தோழர்" என்றேன்.

மேனேஜர் போகும்போது நஞ்சப்பன் முதுகில் தட்டி, "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன், பாத்தியா?" என்றார். எப்போது சொன்ன சொல் என்று நான் கேட்கவில்லை. அங்கே ஒரே சத்தமாக இருந்தது.

ஜூன் 4

ஆறுச்சாமியும் மயிலாத்தாளும் இன்று மலை இறங்கினார்கள். மழை விடாமல் பெய்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு யானைகளைக் கட்டும் கொட்டாரம் வழியாக வந்தார்கள். நான் சங்கக் குடிசையிலிருந்து பார்த்தேன்.

ஆறுச்சாமி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பரமனிடம் போனார். பரமன் சங்கிலி தெறிக்கிற அளவுக்கு முன்னால் வந்தான். எலும்பு தெரிகிறது அவனுக்கு. ஆறுச்சாமி நஞ்சப்பனைக் கூப்பிட்டார். அவன் வரத் தயங்கினான். "வாடா. யானை என்ன தப்புப் பண்ணுச்சு" என்றார். அவன் கையைப் பிடித்துத் தும்பிக்கையில் வைத்து, காதோரம் ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். நஞ்சப்பன் அழுதுவிட்டான். பரமன் அவன் கையிலிருந்த தழையை வாங்கிக்கொண்டான்.

பிறகு என் குடிசைப் பக்கம் வந்தார். நான் வெளியே வர வேண்டியதாயிற்று.

"மச்சான், நாயகி வாய்க்கு வேப்பெண்ணெய் மட்டும் பத்தாதுங்க. மஞ்சளும் வெண்ணெயும் கொழைச்சு உள்ள தடவுங்க. கடைவாய்ப்பல்லு ஓரம். பத்து நாள்ல ஆறிரும்."

மயிலாத்தாள் என்னைப் பார்க்கவே இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாயகிக்குக் கடைவாயில் புண் என்று ஆறுச்சாமிக்கு எப்படித் தெரியும்? சங்கம் விலக்கியபிறகும் திருட்டுத்தனமாக வந்து என் யானையைப் பார்த்திருக்கிறார். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5

கம்பெனியிலிருந்து ராகி வந்துவிட்டது. தோழர் நாளை வந்து இந்த டைரியை வாங்கிக்கொள்வார். நஞ்சப்பன் இனிப் பரமனோடு போய்விடுவதால் நாயகியை மறுபடி நானே பார்க்க வேண்டும்.

மஞ்சளும் வெண்ணெயும் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் காதை விசிறினாள். ரொம்ப நாளாயிற்று நான் ஊட்டி. கவளத்தை உருட்டி நீட்டினேன். தும்பிக்கையைத் தூக்கி வாயை நன்றாகத் திறந்தாள். நான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டு, விரலுக்குத் தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் தடவிவிட்டு வந்தேன்.